கம்பின் நுனியில் ஒரு வெட்டு

நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டு முன்னறையில் அது தொங்கியிருக்கும். வெள்ளை நூலில் முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுச் செய்த ஆந்தை. கண்ணுக்கு இரண்டு மரமணி, கீழே குஞ்சம். டெலிவிஷன் வந்துவிட்ட வீடுகளில் அதற்கு மேலே, வராத வீடுகளில் காலண்டருக்குப் பக்கத்தில். ஆந்தை உங்களுக்கு நினைவிருக்கும். அது எந்தக் கம்பில் தொங்கியது, கம்பு எவ்வளவு நீளம், அதன் நுனியில் என்ன இருந்தது என்று கேட்டால் அநேகமாகச் சொல்ல மாட்டீர்கள்.

நான் கம்பைத்தான் பார்ப்பேன். இப்போது அந்த நூல்வேலை மறுபடி வந்திருக்கிறது. சென்ற மாதம் கொச்சியில் ஓர் உறவினரின் புது ஃபிளாட்டில், ஆற்றில் ஒதுங்கிய கிளை போன்ற கோணல் கம்பில் ஒன்று தொங்கியது. எல்லாரும் முடிச்சைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது எழுந்து போய்க் கம்பின் நுனியைத் தடவிப் பார்த்தேன். வெட்டு இல்லை. கயிற்றைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தேன். என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள், சும்மா என்றேன். சும்மா இல்லை.

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தோம். ஒரே தகரக் கூரையின் கீழ் பத்து வீடு, முன்னால் நீளமான சிமென்ட் வாசல். அப்பாவுக்கு ஃபாக்டரியில் வேலை, அம்மா கொழுந்து எடுத்தாள். எனக்குப் பதினொரு வயது. நான் சொல்லப்போவது ஒரு கோடை விடுமுறையில் ஒரே வாரத்தில் நடந்தது.

அந்த வருஷம் மாசி மாதமே அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு வந்து சேர்ந்திருந்தாள். மலைக்குக் கீழே கம்பம் ஊரில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து அப்பாவே போய் அழைத்து வந்தார். சித்தப்பாவுக்குத் தேனியில் இன்னொரு குடும்பம் இருப்பதாக ஒரு சொந்தக்காரர் சொன்னார். வாரத்தில் மூன்று நாள் சித்தப்பா சொல்லாமல் தேனிக்குப் போய்வந்தார் என்பதுதான் அதற்கு ஆதாரம். எங்கே போனாய் என்று அப்பா கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லையாம். பதில் சொல்லாதவன் குற்றவாளி என்பது அப்பாவின் கட்சி. சித்தியை அழைத்து வந்த அன்றே ஒரு விதியும் போட்டார். அந்த ஆளோடு இனிப் பேச்சில்லை. பேசினால் இந்த வீட்டில் இடமில்லை.

இடம் என்பதே கொஞ்சம்தான். தோட்டத்தில் வேலை பார்க்காத ஆள் லயத்தில் மாதக்கணக்கில் தங்கக் கூடாது. சூப்பர்வைசர் கண்டும் காணாமல் விட்டிருந்தார். ஒரு புகார் வந்தால் விட முடியாது. ஆக, சித்தி எங்கள் வீட்டில் இருந்தது இரண்டு ஆண்களின் பொறுமையில். அவளுக்கு அது தெரியும். சமையல், தண்ணீர், துணி எல்லாவற்றையும் யாரும் சொல்லாமலே எடுத்துச் செய்தாள். மீதி நேரத்தில் முடிச்சு போட்டாள்.

கல்யாணத்துக்கு முன்பே தையல் வகுப்பில் கற்ற வேலை அது. குமுளியில் டூரிஸ்டுகள் வரும் ஏலக்காய்க் கடை ஒன்றில் இவற்றையும் வாங்கி மாட்டினார்கள். ஞாயிறுதோறும் சித்தி பஸ் ஏறிப் போய், முடித்ததைக் கொடுத்துவிட்டு நூல் வாங்கி வருவாள்.

எல்லாரும் நினைப்பதுபோல் நூல் அல்ல, கம்புதான் கஷ்டம். முதலில் கவாத்தில் வெட்டிக் கழித்த தேயிலை மிலாறில் முயன்றாள். தேயிலைக் கிளை ஒரு சாண்கூட நேராக வளராது. பிறகு ஈற்றை என்னும் காட்டு மூங்கில். ஒரே வாரத்தில் உளுத்து, ஆந்தையின் தலையில் மஞ்சள் மாவு கொட்டியது. அடுத்தது ஏதோ வேலிக்கம்பு, விரல் கனம் இல்லை. நூலின் பாரத்தில் நடுவில் தொய்ந்து, தொங்கவிட்ட எல்லாமே சோகமாகத் தெரிந்தன. கடைக்காரச் சேச்சி மூன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். கம்பு எங்கள் பொறுப்பல்ல, நல்லதாகப் பார்த்து நீயே கொண்டு வா என்று சேச்சி மலையாளத்தில் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது.

அதற்குப் பிறகு சித்தி என்னைக் குமுளிக்குக் கூட்டிப்போகவில்லை. ஆனால் நல்ல கம்பு வரத் தொடங்கியது. பழைய சேலையில் சுற்றிய கட்டு. பிரித்தால் மருந்து போன்ற கசப்பு வாசனை. எங்கே கிடைத்தது என்று அம்மா கேட்டபோது, கடைச் சேச்சி கொடுத்தாள் என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

கம்பு தேறும் விதத்தை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முதலில் சிமென்ட் வாசலில் உருட்ட வேண்டும். ஒரே சீராக உருண்டால் நேர். குதித்தால் அடுப்புக்கு. பிறகு கனம். அப்பா கொண்டுவந்த உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகையில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி ஓர் ஓட்டை போட்டிருந்தாள் சித்தி. கம்பின் இரண்டு நுனியும் அதில் இறுக்கமாக நுழைய வேண்டும். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்தால் நூல் ஏற்றும் வளையங்கள் ஏற்ற இறக்கமாகிவிடும். நீளத்துக்கும் கணக்கு உண்டு. முடிச்சு வேலையின் அகலம் ஒன்றரை அடி. இரண்டு பக்கமும் நாலு விரல் கம்பு வெளியே தெரிய வேண்டும். மொத்தம் இரண்டடி. குறைந்தால் கழுத்தைப் பிடித்த மாதிரி இருக்கும், கூடினால் கொடியில் துணி காயப்போட்ட மாதிரி இருக்கும் என்பாள். அப்புறம் உடைந்த சோடா பாட்டில் சில்லால் பட்டையைச் சுரண்டுவாள். பட்டை இருந்தால் வெள்ளை நூலில் கறை ஏறும். கடைசியில் இரு நுனியிலும் கத்தியால் சுற்றி ஒரு வெட்டு, மாட்டும் கயிறு வழுக்காமல் இருக்க.

ஓட்டை பார்ப்பதும் எண்ணுவதும் என் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த கம்புக் கட்டில் பதினான்கு தேறின. எண்ணிச் சொன்னேன். சித்தி அப்போதே உட்கார்ந்து சுரண்டி, இருட்டும் முன் வெட்டுப் போட்டு முடித்துவிட்டாள். அம்மாவும் அப்பாவும் அன்று ஒரு கல்யாணத்துக்கு வண்டிப்பெரியாறு போயிருந்தார்கள்.

இனி மட்டக்கம்பு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து எடுக்கும்போது செடியின் தலைமேல் படுக்கவைத்து மட்டம் பார்க்கும் கம்பு அது. நாலடி நீளம், காப்பிக் கம்பில் செய்தது. வருஷக்கணக்கில் கை பட்டு, கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். ஒருத்தி கம்பு இன்னொருத்திக்குக் கைகூடாது என்பார்கள். அதனால் நுனியில் அடையாள வெட்டு போட்டுக்கொள்வார்கள்: ஒருத்திக்கு ஒன்று, ஒருத்திக்கு இரண்டு, ஒருத்திக்குச் சாய்ந்தது.

அந்த வாரம் எங்கள் மலையில் கவாத்து. கொழுந்து இல்லை. பெண்களை மிலாறு சுமக்க அனுப்பியிருந்தார்கள். மட்டக்கம்புகளைக் கொழுந்துக் கொட்டகையில் சாத்திவிட்டுப் போனார்கள். வியாழக்கிழமை மத்தியானம் வரை இருந்தன. சாயங்காலம் ஒன்பது கம்பைக் காணோம்.

வெள்ளிக்கிழமை காலை குழாயடியில் வேறு பேச்சே இல்லை. அடுத்த வீட்டு அத்தை, தன் கம்பில் இரட்டை வெட்டு இருக்கும், பதினாறு வருஷக் கம்பு, புருஷனைவிட அதோடுதான் அதிக நேரம் இருந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்கள் சிரித்தார்கள். நான் குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

"சித்தி கம்புலயும் வெட்டு இருக்கு" என்றேன்.

அவ்வளவுதான். அதில் பொய் எதுவும் இல்லை. சிரிப்பு நின்றது. அத்தை குனிந்து என் குடத்தை நகர்த்தி, நிறைந்துகொண்டிருந்த தன் குடத்தை எடுத்து, எனக்கு இடம்விட்டாள். குழாயடியில் ஒரு பெரியவள் எனக்கு முறை விட்டுக்கொடுத்தது அதுவே முதல் தடவை.

மத்தியானம் சூப்பர்வைசர் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டு விசாரித்தார். என்ன நீளம் என்றார், இரண்டடி என்றேன். அவர் விரலால் காற்றில் நாலடியை இரண்டாக வெட்டிப் பார்த்துக்கொண்டார். மேலே எப்படி இருக்கும் என்றார், சில்லால் சுரண்டியிருக்கும் என்றேன். எத்தனை என்றார். பதினான்கு என்றேன். எப்போது வந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே விஷயம் முடிந்திருக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஞாயிறு எது, வியாழன் எது என்று தெரியாத வயதல்ல. ஆனால் குமுளிக்கு என்னைக் கூட்டிப்போகாமல் சித்தி எதையோ மறைத்துக்கொண்டிருந்தாள். அது வெளியே வரட்டும் என்று இருந்தது.

"இந்தக் குட்டிக்கு நல்ல கண்ணு" என்றார் சூப்பர்வைசர். தனியாக நடந்து வரும்போது அந்த வாக்கியத்தை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து லயமே மாறிவிட்டது. அத்தை வீட்டு வாசலில் காய்ந்த விறகு உள்ளே போயிற்று. சித்தி தண்ணீருக்குப் போனால் பேச்சு தாழ்ந்தது, அவள் திரும்பியதும் உயர்ந்தது. அம்மாவுக்கும் சேதி எட்டியிருக்க வேண்டும். கட்டிலுக்கடியில் இருந்த கம்புக் கட்டை வெளியே இழுத்து, ஒரு கம்பை எடுத்து மோந்து பார்த்து, அப்படியே திருப்பி வைத்ததைப் பார்த்தேன். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம் என்று இப்போது நினைக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் சூப்பர்வைசர் வந்தார். பின்னால் ஒன்பது பெண்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். சித்தியே கொண்டுவந்து சிமென்ட் வாசலில் பதினான்கையும் வரிசையாகப் பரப்பினாள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பல வருஷம் கழித்து, வேறு விசாரணைகளைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வேலைக்கு வந்தபிறகு, அடிக்கடி நினைத்திருக்கிறேன். ஒன்பது பேரும் தங்கள் கம்பைக் கண்டுபிடித்தார்கள். எல்லாக் கம்பிலும் ஒரே மாதிரி வெட்டு, இரண்டு நுனியிலும், சுற்றிலும். ஆனால் ஒற்றை வெட்டுக்காரிக்கு அது தன் ஒற்றை வெட்டாகத் தெரிந்தது. சாய்ந்த வெட்டுக்காரி கம்பைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். இரட்டை வெட்டு அத்தை, பாதியாக அறுத்தபோது ஒன்று போயிருக்கும் என்றாள். இரண்டு பேர் ஒரே கம்பைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"எதுக்கு சுரண்டணும்? கைத்தடம் தெரியக் கூடாதுன்னுதான" என்றாள் அத்தை. அம்மாவைப் பார்த்து, "ஒங்களச் சொல்லல மதினி" என்று சேர்த்துக்கொண்டாள்.

நூலில் கறை ஏறாமல் இருக்க என்று சித்தி விளக்கினாள். வெட்டு எதற்கு என்றும், இரண்டடி எதற்கு என்றும் சொன்னாள். ஒரு கம்பை எடுத்துக் கயிறு கட்டியும் காட்டினாள். ஒவ்வொரு பதிலும் சரியாக இருந்ததாலேயே தயாராக வைத்திருந்த பதில்போலக் கேட்டது.

கடைசியில் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள்.

"சாரு, மட்டக்கம்பு காணாமப் போனது வியாழக்கெழம. இது அதுக்கு முந்துன ஞாயித்துக்கெழமயே வந்துருச்சு. அன்னிக்கே வெட்டுப் போட்டாச்சு. இவதான் ஓட்டை பாத்து எண்ணிச் சொன்னா. கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஞாயிறு என்று சொன்னால், அதை வெள்ளிக்கிழமையே ஏன் சொல்லவில்லை என்று சூப்பர்வைசர் கேட்பார். குழாயடியில் ஏன் சொல்லவில்லை என்று அத்தை கேட்பாள். நல்ல கண் என்று சொன்னவர் அந்தக் கண்ணைப் பற்றி வேறு முடிவுக்கு வருவார். இதையெல்லாம் நிதானமாகவே யோசித்தேன்.

"எனக்கு ஞாபகமில்ல" என்றேன்.

சித்தி கையிலிருந்த கம்பைக் கீழே வைத்தாள்.

"அப்ப ஞாயித்துக்கெழம இது எங்கேந்து கிட்டுச்சு?" என்றார் சூப்பர்வைசர்.

கடைச் சேச்சி கொடுத்தது என்று அம்மா முந்திக்கொண்டு சொன்னாள். நாளைக்குத் தானே குமுளிக்குப் போவதாகவும், கடையில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும் என்றும் சூப்பர்வைசர் சொன்னார். மிரட்டலாக இல்லை. அவருக்கு நிஜமாகவே விஷயத்தை முடித்துவைக்கும் ஆசை.

சித்தி முந்தானையை இழுத்துச் சொருகினாள்.

"கடையில குடுக்கல. நொச்சிக் கம்பு, கம்பத்துல வாய்க்காக் கரையில வெட்டுனது. அவருதான் ஞாயித்துக்கெழம பஸ்ஸுல குமுளிக்கு மேல கொண்டாந்து குடுக்குறாரு."

எவரு என்று அப்பா கேட்டார். தெரிந்துதான் கேட்டார்.

"எனக்கு ஒருத்தருதான, மச்சான்" என்றாள் சித்தி.

சூப்பர்வைசர் கிளம்பிவிட்டார். இது வீட்டு விஷயம், ஆபீஸுக்குக் கொண்டுபோகவில்லை என்றார். பெண்கள் அவர் பின்னால் போனார்கள், நம்பியும் நம்பாமலும். அத்தை கடைசியாக ஒரு கம்பைக் காலால் தள்ளிவிட்டுப் போனாள். அது ஒரே சீராக உருண்டு படிவரை போய் நின்றது.

அப்பா சத்தம் போடவில்லை. "திருடியிருந்தாக்கூட நான் பேசி முடிச்சிருப்பேன்" என்றார். பிறகு, காலையில் முதல் பஸ் என்றார். அம்மா உள்ளே போய்த் தங்கையின் சேலைகளை மடிக்க ஆரம்பித்தாள். நாலு சேலைதான். வெகுநேரம் மடித்தாள்.

இரண்டு வாரம் கழித்துக் கொட்டகைக் காவல்காரர் ஊர்த் திருவிழா முடிந்து லீவிலிருந்து திரும்பி வந்தார். மட்டக்கம்பு விஷயத்தைக் கேட்டதும் ஏணியைப் போட்டு ஏறி, கூரைத் தகரத்துக்கும் விட்டத்துக்கும் நடுவிலிருந்து ஒன்பதையும் உருவிக் கீழே போட்டார். மிலாறோடு மிலாறாக யாராவது அடுப்புக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்று வியாழக்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் சொருகி வைத்தாராம். சொல்ல மறந்துவிட்டது. அவரவர் கம்பை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்கள். எங்கள் வாசலுக்கு வந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. அத்தை மட்டும் ஒரு நாள் அம்மாவுக்கு ஒரு படி பச்சைப்பயறு கொடுத்தனுப்பினாள். அம்மா அதைச் சமைத்தாள். தான் சாப்பிடவில்லை.

தேனி விஷயமும் பிறகு தெரிந்தது. அம்மா இறந்த துக்கத்துக்கு வந்திருந்தபோது சித்தப்பாவே சொன்னார். அவருக்கு நெஞ்சில் காசம். வாரம் மூன்று ஊசி, தேனி ஆஸ்பத்திரியில். வெளியே தெரிந்தால் வேலை போகும், குடியிருக்கும் வீடு போகும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்பா வந்து பெண்டாட்டியை அழைத்துப்போனபோது, தொற்றாமல் இருப்பாளே என்று அவரும் விட்டுவிட்டார். பிறகு மனசு கேட்காமல் ஒரு ஞாயிறு குமுளிக்கு வந்து அவளிடம் மட்டும் சொன்னார். ஆறு மாதம் அக்கா வீட்டிலேயே இரு, ஊசி முடியட்டும் என்றார். சித்தி மூன்றாவது மாதமே கீழே இறங்கும்படி ஆயிற்று. மறுவருஷம் அவளுக்கும் ஊசி போட்டார்கள். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். அக்காவும் தங்கையும் மறுபடி பேசிக்கொள்ள ஒன்பது வருஷம் ஆனது. அப்பா கடைசிவரை, அந்த ஆள் அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாமே என்றுதான் சொன்னார். அது ஒரு நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலைக்கு வருகிறேன். மூடுபனி இன்னும் விலகவில்லை. அம்மா வாசலோடு நின்றுவிட்டாள், அப்பா வெளியே வரவேயில்லை. பஸ் நிற்கும் இடம்வரை நான் கம்புக் கட்டைச் சுமந்துகொண்டு போனேன். வழியில் சித்தி ஏதாவது கேட்பாள் என்று பயந்து, ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. செருப்பில் சேறு ஒட்டாமல் பார்த்து நட என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸின் சத்தம் கீழ் வளைவில் கேட்டது. கட்டை நீட்டினேன். சித்தி அதை வாங்கி, பையோடு சேர்த்து இடுக்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கீழே வைத்தாள். சேலை முடிச்சை அவிழ்த்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள். நான் எதிரே நின்றேன். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியைத் தட்டிக் கூப்பிட்டார். சித்தி அவசரப்படவில்லை. பதினான்கு வரை எண்ணி முடித்து, மறுபடி கட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள்.